காம் 3 என்று வைத்தால் மவுஸ் நின்றுபோகிறது: எடைமேடைக் கணினியில் பழைய சீரியல் அட்டையைப் பொருத்துவது

வாலிநோக்கம் பக்கத்து உப்பளம் ஒன்றின் எடைமேடையில், 1997 வாக்கில் வாங்கிய பென்டியம் கணினி டாஸ் 6.22 என்ற பழைய இயங்குதளத்தில் இன்னும் எடைச்சீட்டு அடித்துக்கொண்டிருக்கிறது என்றும், ஐப்பசி இடியில் அதன் காம் 2 என்ற இரண்டாவது சீரியல் போர்ட் போய்விட்டது என்றும், மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைத்த ஐஎஸ்ஏ என்ற பழைய வகை சீரியல் அட்டையைச் செருகிக் காம் 3 என்று ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) வைத்து, எடை நிரலிலும் காம் 3 என்று மாற்றியபின் எடை வருகிறது, ஆனால் மவுஸ் அசையாமல் நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சில காலை வேளைகளில் அட்டையை விரலால் அழுத்திவிட்டால்தான் எடையே வருகிறது என்பதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சேர்த்திருக்கிறீர்கள். கையேடு இல்லாத இந்த அட்டையில் எந்த ஜம்பரை எங்கே மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தக் கணினிக்குள் இந்த அட்டை உட்காரக் காலியான இடம் எது என்பது ஒன்று. உட்கார்ந்த இடத்தில் அது ஏன் உறுதியாக உட்காரவில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் கலந்துவிட்டால் ஜம்பரை மாற்றி மாற்றி வைத்தே களைத்துப்போவீர்கள்.

முதல் கேள்விக்கான விடையை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கணினியின் அடிப்படை அமைப்பு நிரலான பயாஸுக்குள் சென்று மதர்போர்டில் உள்ள இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்துவிடுங்கள். அட்டையைக் காம் 2-க்குரிய முகவரியிலும் ஐஆர்க்யூ 3-இலும் வையுங்கள் (இவை என்ன என்பதைக் கீழே விளக்குகிறேன்). எடை நிரலைப் பழையபடி காம் 2 என்றே மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான். ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி வட்டாரத்தில் ஐஸ் ஆலைகளிலும் எடைமேடைகளிலும் உள்ள கணினிகளை 1994 முதல் பழுதுபார்த்து வருகிறேன். இதே சிக்கலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் அட்டை என் கையில் இல்லை. ஆகவே எது நிச்சயம், எது என் ஊகம் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

நிச்சயமானது ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காம் 3-இல் எடை வருகிறது என்றால், எடைமேடையின் எடைகாட்டும் கருவியான இண்டிகேட்டர், அங்கிருந்து வரும் கேபிள், அட்டையில் உள்ள சீரியல் சில்லு, அதற்கு வேண்டிய பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் அனைத்தும் நலம். அவற்றில் எதையும் நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. மாற்றச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். முதல் கேள்வியில் எஞ்சியிருப்பது பங்கீட்டுத் தகராறு மட்டுமே.

அந்தத் தகராறு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஐபிஎம் நிறுவனம் 1981-இல் தன் முதல் பிசியோடு கொண்டுவந்த 8 பிட் ஸ்லாட்டும், 1984-இல் ஏடி மாடலில் அதை 16 பிட்டாக நீட்டியதும்தான் பின்னாளில் ஐஎஸ்ஏ என்ற பெயரைப் பெற்றன. அந்த ஸ்லாட்டுகளில் செருகும் அட்டைகளுக்கு நடுவே நாட்டாண்மை செய்ய எவரும் கிடையாது. பின்னால் வந்த பிசிஐ வகை அட்டை என்றால் கணினி இயங்கத் தொடங்கும்போதே பயாஸ் அதை விசாரித்து இடம் ஒதுக்கிவிடும். ஐஎஸ்ஏ அட்டைகளுக்கும் அப்படியொரு ஏற்பாட்டை 1993-இல் கொண்டுவந்தார்கள் என்றாலும், ஜம்பர் உள்ள அட்டை அதற்கு முந்தைய வழக்கத்தைச் சேர்ந்தது. அந்த வழக்கத்தில் இடம் ஒதுக்கும் பொறுப்பு முழுவதும் ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருப்பவருடையது. ஒதுக்க வேண்டியவை, சீரியல் அட்டையைப் பொறுத்தவரை, இரண்டே. செயலி அட்டையோடு பேசுவதற்கு ஒரு முகவரி வேண்டும். அட்டை செயலியைக் கூப்பிடுவதற்கு ஒரு குறுக்கீட்டுக் கம்பி, அதாவது ஐஆர்க்யூ, வேண்டும். டிஎம்ஏ என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அது சவுண்ட் கார்டுக்கும் ஃபிளாப்பிக்கும் உரியது, இங்கே அதை மறந்துவிடலாம்.

நான்கு சீரியல் போர்ட்டுகளுக்கும் வழக்கமாக ஒதுக்கப்பட்ட இடங்கள் உண்டு. காம் 1 என்பது 3எஃப்8 என்ற முகவரியும் ஐஆர்க்யூ 4-உம். காம் 2 என்பது 2எஃப்8-உம் ஐஆர்க்யூ 3-உம். காம் 3 என்பது 3இ8-உம் மறுபடி ஐஆர்க்யூ 4-உம். காம் 4 என்பது 2இ8-உம் மறுபடி ஐஆர்க்யூ 3-உம். இவை பதினாறடிமான எண்கள். நடுவில் வரும் எஃப், இ ஆகிய ஆங்கில எழுத்துகளும் அதில் இலக்கங்களே. கவனித்தீர்களானால் முகவரிகள் நான்கும் வெவ்வேறு, கம்பிகள் மட்டும் இரண்டே. உங்கள் மவுஸ் காம் 1-இல் இருக்கிறது, அட்டையைக் காம் 3-இல் வைத்தீர்கள். முகவரியில் மோதலில்லை, ஆனால் இருவரும் ஐஆர்க்யூ 4 என்ற ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒரே கம்பியை இருவர் வைத்துக்கொள்ளவே முடியாதா என்றால், முறை வைத்துக்கொண்டால் முடியும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறோம்; ஒரே கடல்தான், ஆனால் ஒரே நாளில் இரண்டும் இறங்கினால் வலை அறுபடும். காம் 1-உம் காம் 3-உம் அப்படித்தான். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றைத் திறக்கும் வேலைகளுக்கு இந்த ஏற்பாடு ஓடியது. மோடத்தைக் காம் 3-இல் வைத்துக் காம் 1-இல் எப்போதாவது பிளாட்டர் ஓட்டியவர்கள் குறை சொன்னதில்லை. உங்கள் எடைமேடையிலோ இண்டிகேட்டர் வினாடிக்குப் பலமுறை ஓயாமல் எடையை அனுப்பிக்கொண்டிருக்கிறது, மவுஸுக்கு அதன் நாள் வருவதேயில்லை.

மவுஸ் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஐஎஸ்ஏவில் குறுக்கீட்டுக் கம்பியின் மின்னழுத்தம் கீழிருந்து மேலே ஏறும் கணத்தை மட்டுமே குறுக்கீட்டைக் கட்டுப்படுத்தும் சில்லு கவனிக்கிறது. இரண்டு போர்ட்டுகளும் ஒரே நேரத்தில் அந்தக் கம்பியை ஓட்டும்போது, ஒன்று மேலே தூக்க மற்றொன்று கீழே இழுக்க, அந்த ஏற்றம் தெளிவாகத் தெரியாமல் போகிறது. இது மின்சாரக் காரணம். மற்றொன்று நிரல் காரணம்: ஐஆர்க்யூ 4 அடித்தால் எந்த நிரலுக்குப் போவது என்பதை நினைவகத்தில் ஒரே ஓர் இடத்தில் எழுதி வைப்பது வழக்கம்; மவுஸ் டிரைவர் எழுதி வைத்திருந்ததன் மேலேயே எடை நிரல் தன்னுடையதை எழுதிவிடுகிறது. உங்கள் கணினியில் இரண்டில் எது நடக்கிறது என்பதை இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து ஒன்றே என்பதால் பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இதிலிருந்து பயனுள்ள செய்தி ஒன்று கிடைக்கிறது. மவுஸை நிறுத்தும் அளவுக்கு ஐஆர்க்யூ 4-ஐ உங்கள் நிரல் கைப்பற்றுகிறது என்றால், அது குறுக்கீட்டை நம்பி எழுதப்பட்ட நிரல். ஆகவே அட்டையின் முகவரி ஜம்பரை மட்டும் மாற்றிவிட்டு ஐஆர்க்யூ ஜம்பரை மறந்துவிட்டால், பிழைச் செய்தி எதுவும் வராமலே எடை வருவது நின்றுவிடும்.

அப்படியானால் காலியான கம்பி எது? இடி விழுந்த நாள் வரை ஐஆர்க்யூ 3-இல்தான் எடை வந்துகொண்டிருந்தது. நீங்கள் அட்டையை முதலில் காம் 2 என்று வைத்துப் பார்த்து, அது வேலை செய்யாததால்தான் காம் 3-க்குப் போயிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அது வேலை செய்யாததற்குக் காரணம், செத்துப்போன போர்ட்டின் பேரிலேயே பட்டா இன்னும் இருப்பதுதான். சீரியல் போர்ட் ஒன்றில் இரண்டு பகுதிகள் உண்டு: முகவரிக்கு மறுமொழி சொல்லும் தர்க்கச் சில்லு ஒன்று, கேபிளுக்கு வேண்டிய மின்னழுத்தத்தை உண்டாக்கும் ஓட்டுச் சில்லு ஒன்று. கேபிள் வழியாக வரும் இடி பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எரிக்கிறது. முதலாவது உயிரோடு இருந்து, 2எஃப்8 என்று யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அதே முகவரியில் உங்கள் அட்டையும் பதில் சொன்னால் செயலிக்கு இரண்டு குரல்களும் கலந்து கேட்கும். ஆகவே முதலில் பட்டாவை மாற்ற வேண்டும்.

கணினியை இயக்கியதும் டெலிட் பொத்தானை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். அந்தக் காலத்து பயாஸ்களில் இன்டக்ரேட்டட் பெரிபெரல்ஸ் என்ற பக்கமும், அதற்குள் ஆன்போர்டு சீரியல் போர்ட் 2 என்ற வரியும் இருப்பது வழக்கம். அதை டிசேபிள்டு என்று மாற்றுங்கள். ஆட்டோ என்று விட்டுவிடாதீர்கள். பிஎன்பி, பிசிஐ என்று தலைப்பிட்ட மற்றொரு பக்கத்தில் ஐஆர்க்யூக்களின் வரிசை தெரிந்தால், 3-க்கு நேரே லெகசி ஐஎஸ்ஏ என்று வைத்துவிடுங்கள். ஆளில்லாமல் கிடக்கும் ஐஆர்க்யூ 3-ஐ பயாஸ் ஏதாவது ஒரு பிசிஐ அட்டைக்குத் தூக்கிக் கொடுத்துவிடாமல் இது தடுக்கும். சேமித்து வெளியே வாருங்கள்.

அட்டையைச் செருகுவதற்கு முன்பு ஒரு சோதனை செய்துகொள்வது என் பழக்கம். டாஸில் டீபக் என்ற நிரலைத் திறந்து, டி என்ற ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும் 40:0 என்பதும் அடித்தால், பயாஸ் கண்டுபிடித்த சீரியல் போர்ட்டுகளின் பட்டியல் முதல் வரியின் தொடக்கத்தில் தெரியும். இரண்டிரண்டு பைட்டாக, தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். எஃப்8 03 என்றால் 3எஃப்8, அதாவது காம் 1. அதை அடுத்து 00 00 இருந்தால் மதர்போர்டின் காம் 2 உண்மையிலேயே விலகிவிட்டது. எஃப்8 02 இன்னும் தெரிந்தால் பயாஸில் செய்த மாற்றம் ஏறவில்லை. பின்னர் ஜம்பர் மாற்றிய அட்டையைச் செருகிவிட்டு இதே கட்டளையைக் கொடுங்கள். இப்போது எஃப்8 02 தெரிய வேண்டும். சில பயாஸ்கள் இந்தப் பட்டியலை இடைவெளியில்லாமல் நிரப்பும். அதனால் 2எஃப்8-இல் எவரும் இல்லாமல் 3இ8-இல் மட்டும் அட்டை இருந்தால், அதை இரண்டாவது இடத்தில் எழுதி காம் 2 என்று டாஸுக்கு அறிமுகம் செய்துவிடும். காம் 3 என்று அட்டையில் அச்சிட்டிருக்க, கணினி அதைக் காம் 2 என்கிறதே என்று குழம்புபவர்கள் பலர். பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

இப்போது ஜம்பருக்கு வருகிறேன். அட்டையைக் கழற்றுமுன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அந்தக் காலத்து ஏடி பெட்டிகளில் 230 வோல்ட் மின்சாரம் முகப்பில் உள்ள பொத்தான் வரை கம்பியில் வந்து திரும்புகிறது. அந்தப் பொத்தானின் பின்பக்கத்தில் கைபட்டவர்கள் என்னையும் சேர்த்துச் சிலர் இந்தக் கடற்கரையில் இருக்கிறோம். அட்டையை வெளியே எடுத்ததும், ஜம்பர்கள் இப்போது இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வெள்ளை மையில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். ஐந்தில் நான்கு அட்டைகளில் காம் 1, காம் 2, காம் 3, காம் 4 என்றோ, வெறும் எண்களாக 3, 4, 5, 7 என்றோ ஊசிகளின் பக்கத்தில் எழுதியிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

எழுத்தே இல்லாவிட்டாலும் ஐஆர்க்யூ ஜம்பரை மல்டிமீட்டரால் ஐயமின்றிக் கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்குள் போகும் விரல்கள், அதாவது அட்டையின் விளிம்பில் உள்ள தொடுபட்டைகள், எல்லா அட்டைகளிலும் ஒரே வரிசையில் அமைந்தவை. அட்டையின் சாலிடர் பக்கத்தைத் திருப்பி, கணினியின் பின்புறத்து உலோகத் தகட்டை ஒட்டிய முனையிலிருந்து செம்பு விரல்களை எண்ணிக்கொண்டு வாருங்கள். 21-ஆவது விரல் ஐஆர்க்யூ 7. 22 என்பது 6, அது ஃபிளாப்பிக்கு. 23 என்பது 5. 24 என்பது 4. 25 என்பது 3. தொடக்கத்திலேயே இருக்கும் 4-ஆவது விரல் ஐஆர்க்யூ 2, ஏடி முதற்கொண்டு அது 9 ஆகக் கருதப்படுகிறது. மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து ஒரு முனையை 25-ஆவது விரலில் வைத்துக்கொண்டு, மறுமுனையால் ஜம்பர் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எங்கே ஒலிக்கிறதோ அதுவே ஐஆர்க்யூ 3-க்கான ஊசி. அதற்கு எதிரே இருக்கும் ஊசி சில்லுக்குப் போகும். இப்போது மூடி 24-ஆவது விரலோடு சேரும் ஊசியில் இருக்க வேண்டும், காம் 3 என்று வைத்திருப்பதால். அதை எடுத்து 25-க்குரிய ஊசியில் போட்டால் போதும். சில விரல்கள் அட்டையில் இல்லாமலே இருக்கும். பயன்படாதவற்றுக்குச் செம்பு வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். ஆகவே விரல்களை எண்ணாமல், இருக்க வேண்டிய இடங்களை எண்ண வேண்டும்.

முகவரி ஜம்பரை இப்படித் தடம் பிடிப்பது கடினம். அது ஒரு தர்க்கச் சில்லுக்குள் போய் மறைந்துவிடும். அங்கே சோதித்துப் பார்ப்பதுதான் வழி. ஒவ்வொரு நிலையிலும் கணினியை இயக்கி, மேலே சொன்ன பட்டியலில் எஃப்8 02 வருகிறதா என்று பாருங்கள். பட்டியல் போதவில்லை என்றால், டீபக்கில் ஓ என்ற ஆங்கில எழுத்தோடு 2எஃப்எஃப் 55 என்று எழுதிவிட்டு, ஐ என்ற எழுத்தோடு 2எஃப்எஃப் என்று படித்துப் பாருங்கள். 55 திரும்பி வந்தால் அந்த முகவரியில் ஒரு சீரியல் சில்லு உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஏஏ என்று எழுதியும் ஒருமுறை படித்துக்கொண்டால் உறுதி. மிகப் பழைய 8250 சில்லில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது, எழுதிப் படிக்கும் அந்த இடம் அதில் இல்லை. 16450, 16550 ஆகியவற்றில் உண்டு.

அட்டையில் ஒரே ஒரு போர்ட்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மல்டி ஐஓ என்று அழைக்கப்படும் அட்டைகள். இரண்டு சீரியல், ஒரு பிரிண்டர் போர்ட், சிலவற்றில் ஃபிளாப்பி, ஹார்ட் டிஸ்க் இணைப்பும் சேர்ந்து இருக்கும். நாம் பயன்படுத்தாத பகுதிகள் நம்மைத் தொந்தரவு செய்யா என்று எண்ணிக்கொள்வது இயல்பு. தொண்டியில் ஓர் ஐஸ் ஆலையில் நானும் அப்படித்தான் எண்ணினேன். ஒரு சீரியல் போர்ட்டுக்காக அத்தகைய அட்டையைச் செருகி இயக்கியதும், ஹார்ட் டிஸ்க் இல்லை என்று கணினி சொல்லிவிட்டது. டிஸ்க் போய்விட்டது என்று நானே உரிமையாளரிடம் சொல்லி, அவரும் ராமநாதபுரம் வரை போய் வேறு டிஸ்க் வாங்கி வந்து, அதுவும் தெரியாமல் போனபிறகுதான், அட்டையில் இருந்த ஹார்ட் டிஸ்க் பகுதி மதர்போர்டின் டிஸ்க் பகுதியோடு ஒரே முகவரியிலும் ஐஆர்க்யூ 14-இலும் மோதிக்கொண்டிருந்தது என் மூளைக்கு எட்டியது. ஒரு ஜம்பரை எடுத்ததும் பழைய டிஸ்க் நலமாக வந்தது. அந்த இரண்டாவது டிஸ்க்கின் விலையை நான்தான் கொடுத்தேன். ஆகவே இரண்டாவது சீரியல், பிரிண்டர், டிஸ்க் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அணைக்கும் ஜம்பர் உண்டா என்று தேடி அணைத்துவிடுங்கள். இரண்டாவது சீரியலை அணைக்க முடியாவிட்டால், அதைக் காம் 1-இன் முகவரியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தபின் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகிவிடும் என்பது என் அனுபவம். சரியாகாத மிச்சத்தில், இடி தர்க்கச் சில்லையும் பழுதாக்கி, பயாஸில் அணைத்தபின்னும் அது 2எஃப்8-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை ஒன்று. அதைத்தான் அட்டை இல்லாமல் செய்யும் முதல் சோதனை காட்டிக்கொடுக்கும். அப்போது அட்டையை 3இ8 முகவரியிலேயே விட்டுவிட்டு ஐஆர்க்யூவை மட்டும் 5-க்கு மாற்றுங்கள். சவுண்ட் கார்டு இல்லாத அலுவலகக் கணினியில் 5 பெரும்பாலும் சும்மா கிடக்கும். பயாஸில் 5-ஐயும் லெகசி ஐஎஸ்ஏ என்று ஒதுக்கிவிடுங்கள். ஆனால் எடை நிரல் ஐஆர்க்யூவைத் தனியாகக் கேட்கும் நிரலாக இருக்க வேண்டும். காம் 3 என்றாலே 4 என்று உள்ளே எழுதி வைத்துவிட்ட நிரல்கள் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் நீங்களே காண்பீர்கள். அது இடம் கொடுக்காவிட்டால் மவுஸை நகர்த்துங்கள்: மதர்போர்டில் பிஎஸ்2 மவுஸுக்கான ஊசிகள் இருந்தால், ஒரு தகட்டுக் கேபிள் வாங்கிப் பொருத்தினால் மவுஸ் ஐஆர்க்யூ 12-க்குப் போய்விடும். காம் 4-ஐ மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஐஎஸ்ஏ அட்டைகள் முகவரியின் கடைசி 10 பிட்டுகளை மட்டுமே படிக்கும். எஸ்3 வகை வீடியோ அட்டைகளின் 42இ8, 82இ8 போன்ற முகவரிகள் அவற்றின் காதில் 2இ8 என்றே விழும். திரை மாறும்போதெல்லாம் சீரியல் போர்ட் கலங்குவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

இனி இரண்டாவது கேள்வி. காலையில் அட்டையை அழுத்தினால்தான் எடை வருகிறது என்பது ஜம்பர் வைக்கும் முறையோடு சேர்ந்ததல்ல, உப்போடு சேர்ந்தது. சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். உப்பளத்துக் கசப்பு நீரில் மிஞ்சும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். குவித்த உப்பு விடியற்காலையில் கசிவதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அதே கசிவு அட்டையின் விரல்களிலும் ஜம்பர் ஊசிகளிலும் படிந்த தூசியில் நடக்கிறது. உச்சி வெயிலில் காய்ந்துவிடுகிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அரித்த காற்று, மைக்ரான் கணக்கில் பூசிய தங்கத்தின் நுண்துளைகள் வழியாக உள்ளே இருக்கும் நிக்கலையும் செம்பையும் தொடுவதில் வியப்பில்லை. ஜம்பர் மூடி சரியான ஊசிகளின் மேல் பார்வைக்கு நன்றாக உட்கார்ந்திருக்கும், மீட்டரில் மட்டும் தொடர்ச்சி இருக்காது. இந்தக் கரையில் ஜம்பர் வைத்தாயிற்று என்று கண்ணை நம்பிச் சொல்லக்கூடாது. மூடியைப் போட்டபின் இரண்டு ஊசிகளின் அடிப்பக்கச் சாலிடரிலும் மீட்டரை வைத்து ஓர் ஓமுக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்தபிறகே சொல்ல வேண்டும்.

சுத்தம் செய்யும் முறையில் நம் மெக்கானிக்குகள் பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நேரடியாகத் தொட்டுத் துடைக்கிறார்கள். ஆல்கஹாலில் பிசுக்குக் கரையும், உப்பு கரையாது. துடைத்த உப்பு வேறோர் இடத்தில் மெல்லிய படலமாகப் பரவுகிறது. முதலில் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரில், அதாவது வாலை வடிநீரில், நனைத்துப் பிழிந்த துணியால் விரல்களைத் துடையுங்கள். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் நம் ஊரில் ஆகாது. அதன்பின் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். விரல்களில் மங்கல் இருந்தால் மென்மையான பென்சில் அழிப்பானால் ஒன்றிரண்டு இழுப்பு; உப்புத்தாளைக் கிட்டேயே கொண்டுவர வேண்டாம். ஜம்பர் மூடிகளில் பச்சைக் களிம்பு தெரிந்தால் அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றிலிருந்து வேறு மூடி எடுத்துப் போடுங்கள். களிம்பில்லாத மூடியையும் பத்து முறை கழற்றிப் போட்டால் உராய்வில் தொடுபரப்பு தெளிந்துவிடும். ஸ்லாட்டிலும் அப்படியே அட்டையைச் சில முறை செருகி எடுத்துவிட்டு, கடைசியில் தகட்டு ஸ்க்ரூவை மறக்காமல் முடுக்குங்கள். அது இல்லாத அட்டை, லாரி மேடையேறும் ஒவ்வொரு அதிர்விலும் ஒரு மயிரிழை எழும்பும்.

பயாஸ் பேட்டரியையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. சிஆர் 2032 நாணயப் பேட்டரிதான், எங்கும் கிடைக்கும். அது தீர்ந்துபோனால் பயாஸ் தன் பிறந்தநாள் அமைப்புக்குத் திரும்பி, நாம் அணைத்து வைத்த காம் 2-ஐ மறுபடி எழுப்பிவிடும். ஜம்பரை எவரும் தொடாமலே ஒரு நாள் காலையில் எடை நின்றுபோகும், பழியும் அட்டையின் மேல் விழும். பயாஸில் மாற்றிய இரண்டு வரிகளையும், ஜம்பர்களின் நிலையையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.

அடுத்த ஐப்பசிக்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆர்எஸ் 232 கேபிளுக்கு 15 மீட்டர் வரை என்பது நெடுநாளைய வரம்பு. எடைமேடைக்கும் அறைக்கும் இடையே அதைவிட நீளமாகக் கேபிள் போயிருந்தால், அதுவே இடியின் மின்னோட்டத்துக்கு நல்ல வழி. இண்டிகேட்டருக்கும் கணினிக்கும் தனித்தனியே எர்த் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம், பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே இரண்டு எர்த்துகளுக்கும் நடுவில் எழும் மின்னழுத்தம் கேபிள் வழியாகத்தான் சமனாகும். ஒளிவழித் தனிமைப்படுத்தி ஒன்றை, ஆப்டோ ஐசொலேட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள், கேபிளின் கணினி முனையில் போட்டுவிடுங்கள். அது வந்து சேரும் வரை மாலையில் மேகம் கறுத்தால் அந்த 9 ஊசிப் பிளக்கைக் கையால் கழற்றி, கணினிப் பெட்டியைத் தொடாதபடி தள்ளி வைக்குமாறு எடை எழுதுபவரிடம் சொல்லிவையுங்கள். இடி முழங்கத் தொடங்கியபிறகு அதைத் தொட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.